ஆட்டுக்கு ஏன் சர்க்கரை வருவதில்லை

உலகத்தில் மற்ற விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சிப் பொருளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. என்னுடையது இப்படித்தான் முடிவானது. சுனாமி வந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, பஸ் நிற்கும் ஆனால் பலகை இருக்காத ஓர் இடத்தில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே உயிர்வேதியியல் துறையில் பிஎச்.டி.க்குச் சேர்ந்த முதல் நாள், என் கைடு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

"காடாம்புலியூர் ஸார்."

"அங்க என்ன மரம் ஜாஸ்தி?"

"பலா, முந்திரி ஸார்."

"முந்திரிப் பால் கையில பட்டா பொத்துப்போயிடும். பலா எடுத்துக்க. இலையா, பட்டையா?"

மரத்தில் பட்டையை உரித்தால் அப்பா என்னை உரித்துவிடுவார். "இலை ஸார்" என்றேன்.

"சக்கர வியாதின்னு போட்டுக்க. இப்ப அதுக்குத்தான் மவுசு."

அவ்வளவுதான். அவர் மேஜையில் இருந்த டீ ஆறுவதற்குள் என் வாழ்க்கையின் அடுத்த ஐந்து வருஷம் முடிவாகிவிட்டது. மரம் எங்கள் தோப்பில் இருந்தது, இலை காசில்லாமல் கிடைக்கும். விஞ்ஞானத்துக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் துறையில் அதுதான் வழக்கம். அவரவர் ஊரில் எது மண்டிக் கிடக்கிறதோ அதுவே அவரவருக்கு மூலிகை. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு சீனியர், கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அடம்பங்கொடியை வாரிக்கொண்டு வந்து வீக்கத்துக்கு மருந்து என்று நிரூபித்துவிட்டாள். பிச்சாவரத்துப் பக்கத்து அண்ணன் ஒருவர் தில்லை மரத்தை எடுத்தார். தில்லையின் பால் கண்ணில் பட்டால் கண்ணே போகும் என்று அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். புண் ஆற்றும் மருந்து தேடிப் போன அண்ணனுக்கு இரண்டு கையிலும் கொப்புளம். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, அவருடைய எலிகளின் புண் மட்டும் அற்புதமாக ஆறிவிட்டதாக ஆய்வேட்டில் எழுதியிருந்தது.

ஆம், எங்கள் துறையில் தோற்றுப்போன செடி என்று ஒன்று கிடையாது. எதைப் பறித்தாலும் எதையாவது குணப்படுத்தும். ஒரு ஆய்வேட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து, பழைய செடியின் பெயரை அடித்துப் புதிய செடியின் பெயரைப் போட்டால் அடுத்த ஆய்வேடு பாதி தயார். அவசரத்தில் ஒருத்தி ஓர் இடத்தில் மாற்ற மறந்துவிட்டாள். கடல்பாசியைப் பற்றிய அவளுடைய ஆய்வேட்டின் நடுவில், "இம்மரத்தின் வேர்களை நிழலில் உலர்த்தி" என்று ஒரு வரி இன்னமும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் படித்துத்தான் அவளுக்குப் பட்டம் கொடுத்தார்கள். படித்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்தக் கூத்தெல்லாம் எனக்கு அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. நான் அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் இன்னும் மூன்று பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தினம் ராத்திரி சாப்பாட்டின்போது அன்றைக்கு எங்கள் துறையில் எந்தச் செடி எந்த வியாதியை ஒழித்தது என்று நான் நியூஸ் வாசிப்பேன். அவர்கள் தரையில் உருண்டு சிரிப்பார்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. அவருக்குச் சொந்தமானது ஒரு பலாத்தோப்பு, ஒட்டினாற்போல் கொஞ்சம் முந்திரி. பலாச்சுளையைப் பார்த்தால் மனுஷன் குழந்தையாகிவிடுவார். பண்ருட்டி டாக்டர் "ஒரு சுளை கூடக் கூடாது" என்று சொல்லியிருந்தார். ஆனி மாசத்தில், வீடு முழுக்கப் பழம் வெடித்து மணக்கும்போது, தோப்புக்குச் சொந்தக்காரன் வாயைக் கட்டிக்கொண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா உட்கார்ந்தார். வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு, பழம் தின்பவர்களைத் திட்டிக்கொண்டு, ஒழுங்காகத்தான் இருந்தார்.

பலா இலையை ஆராயப் போகிறேன், அதுவும் சர்க்கரைக்கு என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

"நானே நெனச்சிருக்கேன் பாப்பா. ஆடு தெனம் பலா எலதான தின்னுது? ஆட்டுக்கு சக்கர வருதா?"

"அப்பா..."

"வருதா, இல்லியா? அத சொல்லு."

அம்மாதான் அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள். "ஆடு எங்க உசுரோட இருக்குது? அதுக்கு சக்கர வர்றதுக்குள்ள நாமதான் கொழம்பு வெச்சுடறமே."

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அவரே ஏணி போட்டு ஏறி இலை பறித்துத் தந்தார். மாடியில் நிழல் பந்தல் போட்டு உலர்த்தினார். மாவு மில்லுக்குத் தூக்கிப்போய் அரைத்தும் வந்தார். மில்காரர் எங்களுக்குப் பிறகு மிஷினைச் சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த வாரம் எங்கள் தெருவில் பாதி வீட்டில் பச்சை நிறத்தில் களி கிண்டினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் அப்பா நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

எலிகளுக்குச் சர்க்கரை தானாக வராது. கணையத்தைக் கெடுக்கிற மருந்தை ஊசியில் ஏற்றி வரவழைக்க வேண்டும். வந்தபிறகு அதுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்போம். ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். ஒரு கூட்டத்துக்கு டாக்டர்கள் மனுஷருக்கு எழுதித் தருகிற அதே சர்க்கரை மாத்திரை. மீதிக் கூட்டங்களுக்கு நம் இலையின் சாறு. பிறகு வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மெடிக்கல் ஷாப்பில் விற்கிற சாதாரண குளுக்கோமீட்டரில் விட்டுப் பார்ப்போம். மனுஷருக்காகச் செய்த மிஷின்தான். எலிக்கென்று தனியாக வாங்கும் வசதி எங்கள் கல்லூரிக்கு இல்லை.

மாத்திரை தின்ற எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியது. தண்ணீர் குடித்த எலிகளுக்கு இறங்கவில்லை. பலா இலை குடித்த எலிகளுக்கும் இறங்கவில்லை.

வேறு யாரோ, வேறு எங்கோ, வேறு விதமாகச் செய்து இறங்கியது என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும், மகராசனாக இருக்கட்டும். என் எலிகளுக்கு இறங்கவில்லை. கைடிடம் போய்ச் சொன்னேன்.

"எலி சரியில்ல" என்றார்.

வேறு இடத்திலிருந்து எலி வரவழைத்து மறுபடி செய்தேன். இறங்கவில்லை.

"எலை பறிச்ச சீசன் சரியில்ல."

சீசன் பார்த்துக் கொழுந்து தனி, முற்றல் தனி என்று பறித்துச் செய்தேன். இறங்கவில்லை.

கைடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சரியில்லம்மா. ஒனக்கு மனசுல நம்பிக்கையே இல்ல. நம்பிக்கையோட செஞ்சாதான் ரிசல்ட் வரும்."

எலிக்கு ஊசி போடும்போது நான் எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கையெழுத்துப் போடுகிற கை அவருடையது.

இது நடந்துகொண்டிருக்கும்போதே கல்லூரியில் மூலிகை மருத்துவம் பற்றி ஒரு கருத்தரங்கம் வைத்தார்கள். வடையும் கேசரியும் சாப்பிட வந்த ஒரு ரிப்போர்ட்டரிடம் எங்கள் கைடு, ஏப்பத்தோடு ஏப்பமாக, பலா இலையில் சர்க்கரை நோய்க்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். மறுநாள் பேப்பரில் வந்தது. பண்ருட்டிப் பக்கத்து விவசாயி மகளின் சாதனை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கைடின் போட்டோ பெரிசாக, என்னுடையது ஸ்டாம்ப் அளவுக்கு.

நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டிருந்தார். அதற்கு ஒரு பொட்டு வேறு.

"அப்பா, அது பொய். எலிக்கு ஒண்ணும் கொறையல. மூணு வாட்டி செஞ்சு பாத்துட்டேன்."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். என் அப்பா! வாழ்நாளில் அம்மாவைப் பார்த்துக்கூட அவர் கண்ணடித்ததில்லை.

"புரியுது பாப்பா. வெளிய சொல்லக் கூடாதுன்னு வெச்சிருப்பாங்க. கம்பெனிக்காரன் திருடிக்குவான் இல்ல?"

"அய்யோ, நெசமாவே கேக்கலப்பா!"

"சரி சரி. கேக்கல. நான் எங்கியும் சொல்லல."

அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த மாத்திரையை, தனக்கு இனிமேல் எதற்கு என்று, தெருக்கோடியில் இருந்த இன்னொரு சர்க்கரைக்காரருக்குத் தானம் பண்ணினார். காலையில் எழுந்ததும் ஒரு சொம்பு பலா இலைக் கஷாயம். அது உள்ளே போனதும் முறத்தில் சுளை. பழத்தில் ஏறுவதை இலை இறக்கிவிடுமாம். ஒரே மரத்திலிருந்து இரண்டும் வருவதால் கணக்கு சரியாகப் போய்விடுமாம். இந்தத் தத்துவத்துக்கு முதல் சீடர் என் மாமா. அம்மாவின் தம்பி, பண்ருட்டியில் பழமண்டி வைத்திருப்பவர். அவருக்கும் சர்க்கரை. இரண்டு பேரும் காலையில் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருத்தருக்கொருத்தர் "இன்னொரு சொள எடுத்துக்க மச்சான்" என்று உபசாரம் பண்ணிக்கொள்வார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சும்மா இருக்கவில்லை. சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், ஒரு தடவை சாப்பிடாமல் படுத்தும் பார்த்தேன். கடைசியில் லேபிலிருந்து குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு விட்டேன். மிஷின் காட்டிய எண்ணை இரண்டு தடவை படித்தேன். என் கூண்டில் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்த எலிகள்கூட அப்பாவைவிட நன்றாக இருந்தன.

"பாத்தியாப்பா? பாத்தியா?"

அப்பா மிஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க வெச்சிருந்த மிஷினு?"

"லேப்ல."

"எலிக்கு வெச்சுப் பாக்கறது தான?"

"ஆமா. ஆனா இது மனுஷங்களுக்குன்னு..."

"அதான பாத்தேன். எலிக்கு வெச்ச மிஷினு மனுசனுக்கு எப்புடி சரியா காட்டும்?"

மாமா கைதட்டிச் சிரித்தார். "கேட்ட பாரு மச்சான் ஒரு கேள்வி! ஆராய்ச்சி பண்ண வேண்டியவன் நீதான்."

எலி சரியில்லை, சீசன் சரியில்லை, நான் சரியில்லை, இப்போது மிஷினும் சரியில்லை. பலா இலை ஒன்றுதான் இந்த உலகத்தில் சரியாக இருந்தது. கிழிஞ்சது போ என்று மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சேத்தியாத்தோப்பு வரைக்கும் அழுதுகொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரம்மா எனக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

அடுத்த வருஷம் பழம் பழுக்கத் தொடங்கியபோது அப்பா திடீரென்று ஷூ போட ஆரம்பித்தார். வேட்டிக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, உள்ளே சாக்ஸ். சித்திரை வெயிலில், மணல் தோப்பில், வீட்டுக்குள்ளேயும்கூட. கேட்டால், "டாக்டருக்கு அப்பன் ஆவப்போறேன், செருப்போட நடந்தா நல்லா இருக்குமா?" என்றார். ஊரே சிரித்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நானும்தான் சிரித்தேன்.

என் கைடுக்கு வருஷா வருஷம் சீசன் பழம் எங்கள் தோப்பிலிருந்து போகும். அது எழுதப்படாத சட்டம். பிஎச்.டி. பிள்ளைகளின் வீட்டில் என்ன விளைகிறதோ அது கைடு வீட்டுக்குப் போகும். தேவனாம்பட்டினத்துச் சீனியர் இருந்தவரைக்கும் அவருக்கு வஞ்சிரம். நான் வந்தபிறகு பலாவும் முந்திரியும். அந்த வருஷம் அப்பா, பழத்தை அனுப்பினால் போதாது, ஸாரே நேரில் வந்து கைநனைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கண்டுபிடித்தவரைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைடு காரில் வந்து இறங்கினார். மாமா மாலை போட்டார். அப்பா ஷூ காலோடு முன்னால் நின்று வரவேற்றார். தலைவாழை இலை போட்டு, பிஞ்சுப் பலாக் கூட்டு, பலாக்கொட்டைப் பொரியல், பலாப்பழப் பாயசம் என்று அம்மா அமர்க்களப்படுத்தியிருந்தாள். பரிமாறி முடித்ததும், ஸார் இலையில் கை வைப்பதற்கு முன்னால், அப்பா ஒரு வெள்ளி டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே கஷாயம்.

"ஸார் மொதல்ல இத குடிக்கணும். அப்பறம் எவ்ளோ இனிப்பு வேண்ணாலும் சாப்புடலாம்."

கைடு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். கொழகொழவென்று பச்சையாக இருந்தது. "இருக்கட்டுங்க, இருக்கட்டும்" என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு, பேச்சுவாக்கில் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தினமும் செய்கிற வேலை, யோசித்துச் செய்யவில்லை. பட்டை இலைக்குப் பக்கத்தில் கிடந்தது.

அப்பா அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை வருஷம் அவர் பிதுக்கிப் போட்டுக்கொண்டிருந்த அதே பட்டை, அதே கலர்.

"ஸாருக்கும் சக்கரையா?"

"ஆமாங்க. ரொம்ப வருஷமா."

"எல குடிக்கறதில்லீங்களா?"

கைடு பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். "அது ஆராய்ச்சிக்குங்க. ஒடம்புக்கு மாத்திரதான்."

அப்பா இலைக்கு எதிரே நின்றுகொண்டு, ஸாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கவனித்தார். கார் டிக்கியில் இரண்டு பெரிய பழங்களை ஏற்றிவிட்டார். கார் திரும்பி ரோட்டுக்குப் போகும்வரை கும்பிட்டபடி நின்றார். மாமாவும் மண்டிக்குப் போய்விட்டார். அதன்பிறகு அப்பா கூடத்தில் வந்து உட்கார்ந்து, "பாப்பா, கதவ சாத்து" என்றார்.

சாத்தினேன். இடதுகால் ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றும்போதே வாடை அடித்தது. பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்துப்போய்ச் சீழ் வைத்திருந்தன. முந்திரி மிலாறு, அந்தக் காய்ந்த குச்சி, குத்தினது ஆறவே இல்லையாம். பழம் பழுப்பதற்கு முன்னாலிருந்தே அப்படித்தானாம்.

"ஏன்ப்பா சொல்லல? ஏன்ப்பா சொல்லல?" என்று கத்தினேன்.

அப்பா காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெளிய தெரிஞ்சா ஊர்ல என்னா பேசுவாங்க? அப்பனுக்கே கேக்கல, இந்தப் பொண்ணு என்னாத்த கண்டுபுடிச்சுதுன்னு ஒன்னத்தான பேசுவாங்க? அதான் மூடி வெச்சிட்டேன்."

எனக்கு அந்த நிமிஷம் அவரை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலடியில் விழ வேண்டும் போலவும் இருந்தது. பழத்துக்கு ஆசைப்பட்டுத்தான் குடிக்கிறார் என்று இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். பழத்துக்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் படிப்பு ஜெயிக்க வேண்டும் என்று மனுஷன் காலை அழுகவிட்டிருக்கிறார். கேட்கவில்லை என்று நானே சொன்ன மருந்துக்காக, என் மானம் காக்க.

கடலூர் ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு விரலையும் எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பாதமே போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள், யார் சொன்னார்கள் என்று அவர் அதட்டியபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "பேப்பர்ல போட்டிருந்தாங்கம்மா." டாக்டரம்மா பேப்பர்காரர்களைக் கண்டபடி திட்டினார். என் தலை உருளாமல் பார்த்துக்கொண்ட சந்தோஷத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கைடு அறைக்குப் போனேன். ஆய்வேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதப்போகிறேன், என் எலிகளுக்கு இலை கேட்கவில்லை என்றுதான் எழுதப்போகிறேன் என்றேன்.

"கேக்கலன்னு எழுதினா யாரும்மா டாக்டர் பட்டம் குடுப்பாங்க? நம்ம டிபார்ட்மென்ட் பேரு என்னாவறது?"

"நீங்க கையெழுத்துப் போடலன்னா பரவால்ல ஸார். அந்த ரிப்போர்ட்டர் நம்பர் எங்கிட்ட இருக்குது. எங்க வீட்டுக்கு வந்தப்ப சாப்பாட்டுக்கு முன்னால நீங்க என்னா முழுங்கினீங்கன்னு மட்டும் அவருக்கு சொல்லிடறேன்."

கைடு கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மறுபடி கழற்றினார். கடைசியில் பேனாவை எடுத்தார்.

வாய்மொழித் தேர்வு என்பது எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்டக் கல்யாணம். சொந்தக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். பாதுஷாவும் மிக்சரும் காபியும் பெண் வீட்டார் செலவு, அதாவது என் செலவு. காடாம்புலியூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மாமா பட்டு வேட்டி கட்டியிருந்தார். அவர் அன்றைக்குக் காலையிலும் கஷாயம் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார் என்று அத்தை சொன்னாள். அப்பாவின் கால் கதையை ஊரில் யாருக்கும் முழுசாகச் சொல்லவில்லை. முள் குத்தி ஆபரேஷன் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். மாமாவிடமும் அதேதான்.

நான் பேசி முடித்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கேட்காததைக் கேட்கவில்லை என்று எழுதின ஆய்வேட்டைப் பார்ப்பதே அபூர்வம் என்று நாலு நல்ல வார்த்தை சொன்னார். உடனே என் கைடு எழுந்து, தோல்வியை ஒப்புக்கொள்ளும் துணிச்சல் எங்கள் துறைக்கே உரிய பண்பு, அதை மாணவர்களுக்கு முதல் நாளிலேயே ஊட்டிவிடுவேன் என்றார். அடேங்கப்பா! எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. வந்திருந்தவர்கள் நிஜமாகவே தட்டினார்கள்.

பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். வழக்கமாக யாரும் கேட்க மாட்டார்கள். பாதுஷா காத்திருக்கும். முன்வரிசையிலிருந்து அப்பா எழுந்தார்.

"மாத்திரய நிறுத்திட்டு இந்த எலய குடிக்கலாமா, கூடாதா?"

அரங்கத்தில் சிரிப்பு. "கூடாதுங்க" என்றேன். சபையில் அப்பா என்று கூப்பிட வரவில்லை.

"பின்னால கேக்கல. சத்தமா சொல்லு."

"கூடாது!"

அப்பா பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மாமா ஏற்கெனவே மிக்சர் தட்டோடு இருந்தார்.

திரும்பிப் போகும்போது நானும் வேனில் ஏறிக்கொண்டேன். வடலூர் தாண்டியதும் மாமா பேச ஆரம்பித்தார். "பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? எலிக்குக் கேக்கலன்னுதான் சொல்லுச்சு. நாம என்னா எலியா? எனக்கெல்லாம் சூப்பரா கேக்குது. என்னா மச்சான் சொல்ற?"

வேனில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார். இடதுகாலைத் தூக்கி, பட்டு வேட்டிக்கு மேலே, மாமாவின் மடியில் வைத்தார்.

"எண்ணிப் பாரு மச்சான்" என்றார்.